எலும்பைத் தின்னும் செல்

1980-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குத் தாங்கள் செய்த சிகிச்சையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தையின் எலும்புகள் அளவுக்கு மீறி இறுகியிருந்தன. நம் தொடையெலும்பை எக்ஸ்ரே எடுத்தால் ஓரங்கள் வெள்ளையாகவும், நடுவில் மஜ்ஜை இருக்கும் பகுதி மங்கலாகவும் தெரியும். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஓரம், நடு என்ற வேறுபாடே தெரியாது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே வெள்ளை. 1904-இல் ஹாம்பர்க் நகரத்து எக்ஸ்ரே மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் இதை விவரித்தார். பளிங்கெலும்பு நோய் என்ற பெயர் பிறகு நிலைத்தது.

எலும்பு கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மஜ்ஜைக்கு இடமில்லாததால் ரத்தம் உற்பத்தியாவது குறைந்து, சோகையும் தொற்றுநோய்களும் மாறி மாறி வருகின்றன. மண்டையோட்டில் நரம்புகள் புகுந்து வெளியேறும் துளைகள் குறுகிப் பார்வை நரம்பை நெரிக்கின்றன. குழந்தையின் கண் பார்வை போகிறது. இவ்வளவு இறுகிய எலும்பு சின்ன அடிக்கே முறிந்தும் விடுகிறது. நோய் கடுமையாக இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் சிறுவயதைத் தாண்டியதில்லை.

மின்னசோட்டா மருத்துவர்கள் குழந்தையின் சகோதரனிடமிருந்து மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். சில மாதங்களில் எலும்புக்குள் இடம் விடத் தொடங்கியது, மஜ்ஜை ஊறியது. பிறகு அவளுடைய எலும்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கொடுத்தவன் ஆண் என்பதால் அவனுடைய செல்களில் ஒய் குரோமோசோம் இருக்கும். ஒளிரும் சாயம் ஏற்றினால் அது தனியாகத் தெரியும். எலும்பைக் கரைக்கும் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்தது. எலும்பை உருவாக்கும் செல்களில் இல்லை. ஒரே எலும்பில், கட்டுகிற செல்கள் தங்கையுடையவை, கரைக்கிற செல்கள் சகோதரனுடையவை.

எலும்பென்றால் கால்சியம் என்று நமக்குப் பழகிவிட்டது. பால் குடி, கேழ்வரகு சாப்பிடு, மாத்திரை போடு என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கால்சியம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் எலும்பில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. அவளிடம் குறைந்தது கரைக்கும் வேலை. எலும்பின் நலம் அதில் எவ்வளவு சுண்ணச்சத்து சேர்ந்திருக்கிறது என்பதைவிட, அதற்குள் வாழும் செல்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்பதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. எலும்பு நோய்களை இந்தக் கண்ணோடு பார்க்கும்போதுதான் அவை எனக்குப் புரியத் தொடங்கின. வாசகருக்கும் அப்படியே புரியும் என்று நம்புகிறேன்.

பாடப்புத்தகத்தில் இந்தச் செல்களின் பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கும்: ஆஸ்டியோகிளாஸ்ட், ஆஸ்டியோபிளாஸ்ட், ஆஸ்டியோசைட். முதலாவது எலும்பைக் கரைப்பது. இரண்டாவது எலும்பைக் கட்டுவது. மூன்றாவது எலும்புக்குள்ளேயே புதைந்து வாழ்வது. தேர்வு எழுதும் பிள்ளைகள் பெயர்களை மாற்றி எழுதிவிடுவது இயல்பு. இந்த அத்தியாயத்தில் கரைக்கும் செல், கட்டும் செல், புதைந்த செல் என்றே சொல்லிப் போகிறேன்.

கரைக்கும் செல்லிலிருந்து தொடங்குவோம். பொதுவாகக் கட்டும் செல்லைத்தான் முதலில் சொல்வார்கள். கரைக்கும் செல்லுக்குக் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் நியாயமற்றது என்பது என் எண்ணம்.

அது எங்கிருந்து வருகிறது என்பதே வெகுகாலம் வழக்காக இருந்தது. கட்டும் செல்களே ஒன்றுகூடிக் கரைக்கும் செல்லாக மாறுகின்றன என்று பலர் கருதினார்கள். 1970-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வாக்கர் இதைத் தீர்த்து வைத்தார். பளிங்கெலும்பு நோயோடு பிறக்கும் எலி வகைகள் உண்டு. அத்தகைய எலி ஒன்றையும் நலமான எலி ஒன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இரண்டின் ரத்தமும் ஒன்றாக ஓடும்படி செய்தார். நோயுள்ள எலியின் எலும்புகள் சரியாகத் தொடங்கின. அப்படியானால் கரைக்கும் செல்லின் மூலம் ரத்தத்தில் மிதந்து வருகிறது. அடுத்தபடியாக, நலமான எலியின் மஜ்ஜைச் செல்களையும் மண்ணீரல் செல்களையும் மட்டும் ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார். அதற்கும் பலன் இருந்தது. மின்னசோட்டாக் குழந்தைக்குக் கிடைத்த சிகிச்சை இந்த எலிகளின் வழியே வந்தது.

இப்போது தெளிவாகத் தெரியும்: கரைக்கும் செல், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களின் நெருங்கிய உறவு. மஜ்ஜையில் பிறக்கும் மோனோசைட் வகைச் செல்கள் எலும்பின் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்து, பல செல்கள் கலந்து ஒரே பெரிய செல்லாகின்றன. அதனால்தான் ஒரு செல்லுக்குள் ஐந்து, பத்து, சில வேளை இருபது உட்கருக்கள் கூட இருக்கும். கட்டும் செல்லின் பரம்பரை வேறு. இணைப்புத் திசுவின் மூலச்செல்களிலிருந்து அது வருகிறது. குருத்தெலும்புச் செல்லுக்கும் கொழுப்புச் செல்லுக்கும் அதே மூலம்தான்.

கரைக்கும் செல் வேலை செய்யும் விதத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எலும்பின் மேல் அது படிந்து உட்கார்கிறது. தன் விளிம்பைச் சுற்றிலும் எலும்போடு இறுக ஒட்டி, உள்ளே இருப்பது வெளியே கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட பகுதியை நோக்கியிருக்கும் செல்சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப் பரப்பைக் கூட்டுகிறது. அந்தச் சவ்வில் உள்ள அமிலப் பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை எலும்பின் மீது தள்ளுகின்றன. இன்னொரு வழியாகக் குளோரைடு போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் இரைப்பையில் சுரக்கும் அதே அமிலம். அமில அளவு பி.ஹெச். 4.5 வரை இறங்கும்போது எலும்பின் கனிமம் கரைகிறது. கனிமம் போன பிறகு எஞ்சுவது கொலாஜன் என்ற புரத நார். அதை வெட்டக் கெதப்சின் கே என்ற நொதியைச் செல் வெளியேற்றுகிறது. வெட்டப்பட்ட துண்டுகளைத் தனக்குள் எடுத்து முதுகுப்புறமாக வெளியே விடுகிறது. வேலை முடிந்த இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். நாளொன்றுக்குச் சில பத்து மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான தொலைவுதான் அது முன்னேறும்.

கடுமையான பளிங்கெலும்பு நோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த அமிலப் பம்பை உருவாக்கும் மரபணுவில்தான் பழுது. அவர்களுடைய எலும்பில் கரைக்கும் செல்கள் ஏராளமாகவே இருக்கின்றன. எலும்பின் மேல் உட்கார்ந்தும் இருக்கின்றன. அமிலம் மட்டும் வருவதில்லை.

இந்த நோயுள்ள எலிக்குட்டிகளுக்குப் பல் முளைப்பதில்லை. பல் வெளியே வர வேண்டுமானால் அதன் மேலே மூடியிருக்கும் தாடையெலும்பை யாரோ கரைத்து வழிவிட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுவதும் இதே வேலையின் ஒரு பகுதி. விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். வேர் இருக்காது. அடியிலிருந்து புதுப்பல் மேலேறும்போது, கரைக்கும் செல்லின் இனத்தைச் சேர்ந்த செல்கள் பால்பல்லின் வேரைத் தின்று தீர்த்திருக்கும். ஆடிய பல் ஆடியதற்குக் காரணமும் அதுதான்.

உயிருள்ள எலும்பு ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை மனிதர்கள் கண்டது ஒரு சாப்பாட்டு மேசையில். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சர், துணியில் அச்சுச் சாயம் போடும் ஒருவர் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தார். பரிமாறிய பன்றி இறைச்சியில் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்ததில், சாயம் ஏறிய துணியைச் சுத்தப்படுத்தப் பயன்படுத்திய தவிட்டைப் பன்றிகளுக்குத் தீவனமாகப் போட்டது தெரிந்தது. சாயம் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்தது. 1736-இல் பெல்ச்சர் இதை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். அந்த வேரின் சிவப்புக்குக் காரணம் அலிசரின் என்ற பொருள். சோழமண்டலக் கடற்கரைத் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அதே அலிசரின்தான் இருக்கிறது. அலிசரின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். புதிதாகப் படியும் எலும்பில் நிறம் ஏறும், பழைய எலும்பில் ஏறாது. அந்த நூற்றாண்டிலேயே பிரான்சில் துய்யமெலும் பிறகு இங்கிலாந்தில் ஜான் ஹன்டரும் விலங்குகளுக்குச் சாயத் தீவனத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்தார்கள். எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள் வந்தன. வெளியில் புது எலும்பு படிவதும், உள்ளே பழைய எலும்பு மறைவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன என்று ஹன்டர் சொன்னார். செல் கோட்பாடே உருவாகாத காலத்தில் சொன்னது இது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வேர்ச் சாயத்தின் இடத்துக்கு டெட்ராசைக்ளின் வந்தது. நமக்குத் தெரிந்த அதே ஆன்டிபயாட்டிக். அதுவும் புதிய எலும்பில் போய் ஒட்டும். புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். வளரும் பல்லில் ஒட்டி நிரந்தரக் கறையாகிவிடும். சில நாள் இடைவெளியில் இரண்டு முறை மருந்தைக் கொடுத்து, பிறகு இடுப்பெலும்பில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரம், அந்த நாட்களில் எவ்வளவு எலும்பு படிந்தது என்பதைச் சொல்லிவிடும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் இந்த முறையைக் கொண்டுதான் ஒரு பெரிய உண்மையைக் காட்டினார். கரைக்கும் செல்லும் கட்டும் செல்லும் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியே வேலை செய்வதில்லை. ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கூட்டமாக வருகின்றன. கரைக்கும் செல்கள் இரண்டு மூன்று வாரங்களில் பள்ளம் பறித்துவிட்டு விலகுகின்றன. கட்டும் செல்கள் அதே பள்ளத்தை நிரப்ப மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்கின்றன. எலும்புக்கூட்டில் லட்சக்கணக்கான இடங்களில் எந்நேரமும் இந்த வேலை நடக்கிறது. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது.

கரைக்கும் நேரம் குறைவு, கட்டும் நேரம் அதிகம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு இழப்பு ஏன் விரைவாகவும் மீட்பு ஏன் மெதுவாகவும் நடக்கிறது என்பதற்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

கட்டும் செல் கூட்டத்தோடுதான் வேலை செய்யும். பள்ளத்தின் மேல் வரிசையாக நின்று முதலில் கொலாஜன் நார்களைச் சுரந்து படியவைக்கிறது. இந்தக் கட்டத்தில் அது எலும்பு இல்லை, மெத்தென்ற புரதப் படலம்தான். சில நாட்கள் கழித்துத்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்கள் அந்த நார்களுக்கிடையே உருவாகிக் கெட்டிப்படுத்துகின்றன. வைட்டமின் டி போதாத குழந்தைகளுக்குப் படலம் உருவாகும், படிகம் சேராது, கால்கள் வளையும். அதுதான் ரிக்கெட்ஸ். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏ.எல்.பி. என்று ஒரு வரி இருக்கும். கல்லீரல் பரிசோதனை என்று நாம் நினைக்கும் அந்த நொதியைக் கட்டும் செல்களும் சுரக்கின்றன. படிகம் உருவாவதைத் தடுக்கும் ஒரு பொருளை அது சிதைத்து வழிவிடுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு ஏ.எல்.பி. பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். பெற்றோர் அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, மருத்துவர் வயதோடு சேர்த்துத்தான் அதைப் படிப்பார்.

கட்டினால் எலும்பு பலமாகிவிடுமா? நம் மண்ணிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1937-இல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தார்கள். நடு வயதிலேயே முதுகு வளையாமல் விறைத்துப் போகும். கழுத்தைத் திருப்ப முடியாது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு அடர்ந்து தெரியும். காரணம் கிணற்று நீரிலிருந்த ஃப்ளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களிலும் பாறை நீரில் இந்தத் தொல்லை உண்டு. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது முதலில் தெரியும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுசேர்க்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததன் பின்னணி இதுதான். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

ஃப்ளோரைடு செய்வது என்ன? கட்டும் செல்களைத் தூண்டுகிறது. கூடவே, எலும்புப் படிகத்துக்குள்ளேயே புகுந்து அதன் அமைப்பையும் மாற்றுகிறது. எலும்பு கூடுகிறது, ஒழுங்கு கெடுகிறது; தசைநார்களும் எலும்பாகின்றன. இந்தத் தூண்டுதலை மருந்தாக்கலாமே என்று மேயோ கிளினிக்கின் ரிக்ஸ் குழுவினர் எலும்புத் தேய்மானம் உள்ள 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ அதிகரித்தன. எலும்பு அடர்த்தி ஸ்கேனின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மகிழவோ வருந்தவோ வேண்டாம் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இந்த ஆய்வைப் படித்ததிலிருந்துதான்.

கட்டும் செல்லின் ஆயுள் ஏறக்குறைய மூன்று மாதம். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. சில, தட்டையாகி எலும்பின் மேற்பரப்பை மூடிக்கொண்டு படுத்துவிடுகின்றன; தேவை வந்தால் இவற்றில் சில மீண்டும் வேலைக்கு எழும். மீதி உள்ளவை தாங்கள் சுரந்த படலத்திலேயே மூழ்குகின்றன. சுற்றிலும் கனிமம் இறுகுகிறது. அப்படிப் புதைந்தவைதான் மூன்றாம் வகை.

புதைந்த செல்லை ஓய்வு பெற்ற செல்லாகத்தான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். எலும்பிலுள்ள செல்களில் 90 முதல் 95 சதவீதம் இவைதான் என்று தெரிந்தும், வெளியே வர முடியாத இடத்தில் அடைபட்டிருப்பது என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். ஆராய்வதற்கும் கடினமானவை, எலும்பை உடைத்து உயிரோடு எடுப்பது எளிதல்ல. இப்போது எலும்பு ஆய்வின் நடுநாயகமே இவைதான். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் சுமார் 4,200 கோடி புதைந்த செல்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நாலாபுறமும் பல பத்து மெல்லிய கைகளை நீட்டியிருக்கிறது. எலும்புக்குள் மிகக் குறுகிய கால்வாய்களின் வழியே அந்தக் கைகள் போய் அடுத்த செல்லின் கைகளைத் தொடுகின்றன. மேற்பரப்பிலுள்ள செல்களையும் ரத்தக் குழாய்களையும் எட்டுகின்றன. சில பத்தாண்டுகள் கூட ஒரு செல் இப்படி வாழும்.

நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு மிகச் சிறிதளவு வளைகிறது. அந்த வளைவில் கால்வாய்களுக்குள் இருக்கும் திரவம் அசைகிறது. அந்த அசைவைப் புதைந்த செல் உணர்கிறது. எலும்பு சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-இலேயே நூல் எழுதியிருந்தார். மூட்டுப் பக்கத்து எலும்பின் உட்பகுதி, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடுபோலப் பின்னல் பின்னலாக இருக்கும். அந்தப் பின்னலின் இழைகள் சுமை இறங்கும் திசையிலேயே அமைந்திருப்பதை அவர் பார்த்திருந்தார். சுமையை யார் உணர்கிறார்கள் என்பதற்குத்தான் நூறாண்டு விடை கிடைக்கவில்லை. 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளின் புதைந்த செல்களில் பெரும்பகுதியை மட்டும் நச்சுப்பொருளால் அழித்துவிட்டு, பின்னங்கால்கள் தரையில் படாதபடி வாலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சாதாரண எலிகளை இப்படித் தொங்கவிட்டால் பின்னங்கால் எலும்பு வேகமாகக் கரையும். விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவது போல. புதைந்த செல்களை இழந்த எலிகளுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. சுமை இல்லை என்று தகவல் சொல்ல ஆளில்லை.

தகவல் எந்த மொழியில் போகிறது என்பது இரண்டு சிறு சமூகங்களின் துயரத்திலிருந்து தெரியவந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் மக்களிடையே சில குடும்பங்களில் எலும்பு வாழ்நாள் முழுக்கப் பெருத்துக்கொண்டே போகும் நோய் உண்டு. தாடை பெருக்கும், முக நரம்பு நெரிபட்டு வாய் கோணும், காது கேட்காமல் போகும், மண்டைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எலும்பு மட்டும் முறிவதில்லை. நெதர்லாந்தில், முன்பு தீவாக இருந்த ஊர்க் என்ற மீனவ ஊரிலும் இதற்கு நெருங்கிய ஒரு நோய் இருந்தது. ஃபான் பூகெம் என்ற டச்சு மருத்துவர் 1955-இல் அதை விவரித்தார். 2001, 2002 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் இரண்டுக்கும் காரணமான மரபணு ஒன்றே என்று தெரிந்தது. அது உருவாக்கும் புரதத்தின் பெயர் ஸ்கிளெரோஸ்டின். அதைச் சுரப்பவை பெரும்பாலும் புதைந்த செல்கள்தான். கட்டியது போதும் என்று கட்டும் செல்களுக்குச் சொல்லும் செய்தி அது. அந்தக் குடும்பங்களில் செய்தி வரவே இல்லை. நம்மிடம் எலும்பின் மீது சுமை ஏறும்போது, அந்த இடத்துப் புதைந்த செல்கள் ஸ்கிளெரோஸ்டினைக் குறைக்கின்றன. கட்டும் வேலை தொடங்குகிறது. நடக்கச் சொல்வதும் படியேறச் சொல்வதும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு புரதத்தைச் சொன்னால் போதும்.

கரைக்கும் செல்லை அழைப்பதும் இவர்களே. எலும்பில் நுண்ணிய விரிசல் விழும்போது கால்வாய்கள் அறுபட்டு அருகிலுள்ள புதைந்த செல்கள் இறக்கின்றன. இறக்கும் செல்லும் அதன் அண்டைச் செல்களும் அனுப்பும் செய்தியைக் கேட்டுத்தான் கரைக்கும் செல்கள் சரியாக அந்த இடத்துக்கு வருகின்றன. விரிசல் கண்ட எலும்பைக் கரைத்து எடுத்தால்தான் புதிய எலும்பு வைக்க முடியும். பளிங்கெலும்பு ஏன் எளிதில் முறிகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது: அங்கே பழைய விரிசல்கள் அகற்றப்படுவதே இல்லை.

கரைக்கும் செல்லை உருவாக்கும் செய்திக்கு ராங்க்-எல் என்று பெயர். அதைத் தடுக்கும் புரதம் முதலில் கிடைத்தது, செய்தி பிறகு. 1997-இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில், வேலை தெரியாத மரபணுக்களை எலிகளில் ஒவ்வொன்றாக மிகையாக இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகை எலிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு வெண்மையாக அடர்ந்திருந்தது. ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற பால் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் அதே காலத்தில் அதே புரதத்தைத் தனியாகக் கண்டுபிடித்தது. ராங்க்-எல் போய் ஒட்ட வேண்டிய இடத்தை எட்டுவதற்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டு ராங்க்-எல் பிடிபட்டது. கட்டும் செல் இனமும் புதைந்த செல்லும் இரண்டையுமே சுரக்கின்றன. எது எவ்வளவு என்ற விகிதத்தைப் பொறுத்துக் கரைக்கும் செல்களின் எண்ணிக்கை அமைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது விகிதம் ராங்க்-எல் பக்கம் சாய்கிறது. கரைக்கும் செல்களின் ஆயுளும் நீள்கிறது. கட்டும் வேலையும் அப்போது கூடத்தான் செய்கிறது, ஆனால் முன்பு சொன்ன கால வித்தியாசத்தால் ஈடு கொடுக்க முடிவதில்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஐம்பது வயதுக்குப் பிறகு உயரம் குறைவதைப் பார்த்திருப்போம். பின்னலின் இழைகள் அறுந்து முதுகெலும்பு அமுங்குவதன் விளைவாக அது இருக்கலாம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மருந்துகளையும் எந்தச் செல்லின் மேல் வேலை செய்கின்றன என்று பார்த்தால் எளிதில் விளங்கும். வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொல்லித் தரும் அலெண்ட்ரோனேட் எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த எலும்பைத் தின்னும் செல் மருந்தையும் சேர்த்து விழுங்கிச் செயலிழக்கும். 2010-இல் அனுமதி பெற்ற டெனோசுமாப், ராங்க்-எல்லையே பிடித்துக்கொள்ளும் ஊசி. ஆறு மாதத்துக்கு ஒன்று. இதைப் பாதியில் நிறுத்தினால் எலும்பு முன்னைவிட வேகமாகக் கரைந்து, சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறிவது தெரியவந்தது. ஏன் என்பதற்கு 2021-இல் சிட்னியின் கார்வன் ஆய்வு நிறுவனம் ஒரு விளக்கம் தந்தது. உயிருள்ள எலிகளின் எலும்புக்குள் நுண்ணோக்கியால் பார்த்தபோது, வேலை முடிந்த கரைக்கும் செல்கள் எல்லாம் இறந்துவிடவில்லை. சிறு செல்களாகப் பிரிந்து, பிறகு மறுபடி ஒன்றுகூடிக் கரைக்கும் செல்லாயின. ஆஸ்டியோமார்ஃப் என்று அந்தச் சிறு செல்களுக்குப் பெயர் வைத்தார்கள். ராங்க்-எல்லைத் தடுத்து வைத்திருக்கும் காலத்தில் இவை சேர்ந்துகொண்டே போகின்றன. தடை நீங்கியதும் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஆகவே இந்த ஊசி போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அடுத்த தவணையைத் தள்ளிப்போடவே கூடாது. நிறுத்துவதாக இருந்தால் வேறொரு மருந்தைத் தொடர வேண்டும்.

ஆஃப்ரிகானர் குடும்பங்களிடமிருந்து கற்றதும் மருந்தாகிவிட்டது. ஸ்கிளெரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் 2019-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை, 12 மாதம். அதற்கு மேல் கொடுப்பதில்லை. கட்டும் வேலை முதல் சில மாதங்களில் உச்சத்துக்குப் போய், ஆண்டு முடிவதற்குள் பழைய அளவுக்கே இறங்கிவிடுகிறது. 2017-இல் வெளியான ஆய்வில், 4,093 பெண்களில் ஒரு பாதிக்கு ஓராண்டு இந்த மருந்தும் பிறகு அலெண்ட்ரோனேட்டும், மறு பாதிக்குத் தொடக்கம் முதலே அலெண்ட்ரோனேட்டும் கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் முதல் அணியில் புதிய முதுகெலும்பு முறிவுக்கான அபாயம் 48 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் அந்த அணியில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சற்றுக் கூடுதலாகவும் பதிவாயின. அதனால் கடந்த ஓராண்டுக்குள் இவற்றில் ஒன்று வந்தவர்களுக்கு இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் மருந்தின் குறிப்பேட்டிலேயே அச்சிடுகிறார்கள்.